கேட்பவனுக்கும் ஓர் ஆசனம்: கூஃபா முதல் வெலிமடை வரை

மாணவர்கள் இணையவழியில் கூடி விவாதித்துக் கற்பது பற்றி எழுதுவோர் யாராயினும் 2000ஆம் ஆண்டைத் தொடாமல் போவதில்லை. அந்த ஆண்டில்தான் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் எழுத்துவழிக் கலந்துரையாடலில் சிந்தனை எவ்வாறு வளர்கிறது என்பதற்கு ஒரு சட்டகம் தந்தனர். ஒரு கேள்வி மனதைக் குடைய வேண்டும்; பிறகு பலரும் பல கருத்துகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும்; அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும்; கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து அதைச் சோதிக்க வேண்டும். நான்கு படிகள். மாணவர் எழுதிய பதிவுகளை எடுத்து அவர்கள் பிரித்துப் பார்த்தபோது பெரும்பங்கு இரண்டாம் படியிலேயே நின்றிருந்தது. ஆளுக்கொரு கருத்துச் சொல்லியிருந்தார்கள். பொருத்திப் பார்த்தவர் குறைவு. முடிவுவரை போனவர் மிகச் சொற்பம். அதன் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் பலவும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்லின.

வெலிமடையிலும் சுற்றுவட்டாரத்திலும் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்ற வகையில் இந்த முடிவு எனக்குப் புதினமாக இருக்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தாலே போதும். ஒருவர் ஒரு கேள்வியைப் போடுவார். "சூப்பர்", "ஓம் சரி", "நல்ல கருத்து" என்று பதினைந்து பதில் வரும். பதினாறாவதாக ஒருவர், "சேர், இதுக்கு நோட்ஸ் ஈக்குதா?" என்று கேட்பார். அத்தோடு விவாதம் முடிந்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் படித்த பன்னிரண்டு பதின்மூன்று வருடத்தில் கேள்வி கேட்பது யாருடைய வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

நம் முன்னோர் அதைச் சொல்லியிருந்தார்கள் என்பதே என் வாதம். கேட்பது ஒரு பதவியாக, அதற்குரிய உரிமைகளோடும் ஒழுங்குகளோடும், நமது கல்வி வரலாற்றில் பல நூற்றாண்டுகள் இருந்திருக்கிறது.

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்களின் (ஹிஜ்ரி 80-150, கி.பி. 699-767) கூஃபா ஹல்காவில் பாடம் நடந்த விதத்தை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். ஒரு மஸ்அலா முன்வைக்கப்படும். மாணவர்கள் தத்தம் ஆதாரங்களைச் சொல்வார்கள், மறுப்பார்கள். சில விஷயங்கள் நாட்கணக்கில் இழுபட்டன. பிறகுதான் முடிவு எழுத்தில் ஏறும். இதில் என்னைக் கவர்வது விவாதத்தின் சூடு அல்ல, அதன் பதிவு. அபூ யூஸுப் (ரஹ்) அவர்களும் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களும் ஆசானோடு முரண்பட்ட இடங்கள் அழிக்கப்படவில்லை. இமாம் இப்படிச் சொன்னார், அபூ யூஸுப் அப்படிச் சொன்னார், முஹம்மத் வேறு விதமாகச் சொன்னார் என்று மூன்றும் பக்கத்தில் பக்கமாக ஹனபீ கிதாபுகளில் நிற்கின்றன. மாணவன் உஸ்தாதுக்கு மாற்றமாகச் சொன்னதை அந்த உஸ்தாதின் பெயரால் வழங்கும் மத்ஹபே பாதுகாத்து வைத்தது.

நாம் ஷாபிஈகள். நமது இமாமும் இந்த மரபிலிருந்து தூரத்தில் இருக்கவில்லை. இமாம் ஷாபிஈ (ரஹ்) இராக்குக்குப் போய் அதே முஹம்மத் அஷ்ஷைபானீயிடம் படித்தார்கள், அவரோடு வாதிட்டார்கள், அவரை மறுத்தும் எழுதினார்கள். பின்னர் மிஸ்ருக்குப் போனதும் தமது சொந்தக் கருத்துகள் பலவற்றையே மாற்றிக்கொண்டார்கள். பழையது 'கதீம்', புதியது 'ஜதீத்' என்று இரண்டையும் அறிஞர்கள் பெயரிட்டுப் பேணினார்கள்.

ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள். 'மின்ஹாஜுத் தாலிபீன்' ஓதியவர்களுக்குத் தெரியும்: அதில் ஒரு சட்டம் 'அழ்ஹர்' என்று வந்தால் அதற்கு ஒரு பொருள், 'மஷ்ஹூர்' என்று வந்தால் வேறு பொருள். இரண்டுமே இமாம் ஷாபிஈயின் கூற்றுகளுக்கிடையே எது மேலானது என்பதைச் சொல்பவை. ஆனால் 'அழ்ஹர்' என்றால் எதிர்ப்பக்கத்துக் கூற்றும் பலமானதுதான், மஷ்ஹூர் என்றால் எதிர்ப்பக்கம் பலவீனமானது. 'அஸஹ்', 'ஸஹீஹ்' என்ற சொற்கள் இதே வித்தியாசத்தை இமாமின் வழிவந்த அறிஞர்களின் கருத்துகளுக்குக் காட்டும். ஒரே ஒரு சொல்லில் முடிவும் இருக்கிறது, அந்த முடிவுக்கு எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதும் இருக்கிறது. 'லைக்' பொத்தானில் இந்த வசதி இல்லை.

முனாழரா என்ற விவாதக் கலை இதற்கிடையே தனித்துறையாகவே வளர்ந்தது. அதன் கேடுகளையும் நம்மவர்களே முதலில் கண்டுகொண்டார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) 'இஹ்யா'வின் கல்வி பற்றிய முதற்பகுதியில், தமது காலத்து விவாத அரங்குகளிலிருந்து பிறந்த பொறாமை, பெருமை, புறம் பேசல், அடுத்தவன் தவறில் மகிழ்ச்சி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முகநூலை அவர்கள் பார்த்ததில்லை என்று நம்புவது கஷ்டம். ஆனால் அத்தோடு விட்டுவிடாமல், விவாதம் ஆகுமாவதற்கு எட்டு நிபந்தனைகளையும் சொன்னார்கள். அவற்றில் ஒன்று, காணாமற்போன பொருளைத் தேடுபவனைப் போல இருக்க வேண்டும் என்பது. அது தன் கையில் அகப்பட்டாலும் துணைக்கு வந்தவன் கையில் அகப்பட்டாலும் அவனுக்கு ஒன்றுதான். இன்னொன்று, எதிர்த்தரப்பு ஓர் ஆதாரத்தை விட்டு இன்னோர் ஆதாரத்துக்குப் போக விரும்பினால் தடுக்கக்கூடாது என்பது. நடைமுறையில் எழுகின்ற, அல்லது எழக்கூடிய பிரச்சினையைத்தான் பேச வேண்டும் என்பது மற்றொன்று. ஆள்கூட்டத்தின் முன் பேசுவதை விடத் தனிமையில் பேசுவதே விருப்பமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். நூறு பேர் பார்க்கும் இடத்தில் பிழையை ஒத்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்தாதின் நிழாமிய்யாவில் ஆசானாக இருந்தவர்களல்லவா!

13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தீ 'ஆதாபுல் பஹ்ஸ்' என்ற துறைக்கு வடிவம் கொடுத்தார். இதிலேதான் நான் சொல்ல வந்த ஆசனம் இருக்கிறது. விவாதத்தில் இரண்டு பாத்திரங்கள். ஒரு கருத்தை நிறுவுபவர் 'முஅல்லில்'. கேட்பவர் 'ஸாயில்'. கேட்பவர் கண்டபடி கேட்க முடியாது. அவருக்கு மூன்று வழிகள் உண்டு. 'மன்உ' என்பது, உன் வாதத்தின் இந்தக் கண்ணிக்கு ஆதாரம் என்ன என்று நிறுத்துவது. 'நக்ழ்' என்பது, உன் வாதம் சரியென்றால் இன்ன இடத்திலும் அது பொருந்த வேண்டும், ஆனால் அங்கே பொருந்தவில்லையே என்று காட்டுவது. 'முஆரழா' என்பது, உன் ஆதாரத்தில் கைவைக்காமல், அதற்கு எதிரான முடிவைத் தரும் வேறோர் ஆதாரத்தை வைப்பது. 17ஆம் நூற்றாண்டில் ஜவ்ன்பூர் அப்துர் ரஷீத் எழுதிய 'ரஷீதிய்யா' இந்தக் கலைக்கான பாடநூலாகத் தர்ஸே நிஸாமி வழியில் இடம்பிடித்தது. இன்றைய பல்கலைக்கழகங்கள் விமர்சனச் சிந்தனை என்ற பெயரில் முதலாம் வருடத்தில் நடத்துவதில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

விவாதம் வேறு, கூடிப் படித்தல் வேறு. அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பழைய மத்ரஸாக்களில் 'முஈத்' என்றொரு பதவி உண்டு. ஆசிரியர் பாடத்தை முடித்துப் போனபின் மாணவரோடு உட்கார்ந்து அதை மீட்டிச் சொல்பவர் அவர். இன்றைக்கும் அரபுக் கல்லூரிகளில் மஃரிபுக்குப் பிறகு வட்டமாக உட்கார்ந்து, விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைக்குக் கிதாபை விரித்துச் சொல்லிக்கொடுப்பதைக் காணலாம். 'தக்ரார்' என்பார்கள், 'முதாகரா' என்பார்கள். அது விளங்காதவனுக்குச் செய்யும் உதவியாக வெளியே தெரியும். சொல்லிக்கொடுத்தவனைக் கேட்டுப்பாருங்கள், தனக்கே அப்போதுதான் பாடம் விளங்கியது என்பான்.

ஒரு பள்ளிவாசல் தூணைச் சுற்றி உட்கார முடிந்தவர்களுக்கு இதெல்லாம் சரி. தூர தூரமாகச் சிதறிக் கிடப்பவர்கள் எப்படிக் கூடிக் கற்பது? இலங்கை முஸ்லிம்களிடையே இந்தக் கேள்விக்கு அச்சில் விடை தேடியவர் கண்டி சித்திலெப்பை (1838-1898). அவர் 1882 டிசம்பர் 21இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகை இலங்கையோடு நிற்காமல் தென்னிந்தியாவுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் போனது. ஒருவரை ஒருவர் கண்டிராத தமிழ் பேசும் முஸ்லிம்கள் ஒரே வாரத்தில் ஒரே விஷயத்தை யோசித்தது அநேகமாக அப்போதுதான். ஆங்கிலக் கல்வி கூடுமா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா என்ற கேள்விகளை அவர் விடாமல் எழுப்பினார். எதிர்ப்பும் குறைவாக இருக்கவில்லை. 1883இல் நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரிக்காரும் சேர்ந்துகொள்ள, 1892இல் கொழும்பு மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பத்து வருட விவாதத்தின் முடிவு என்று அதைச் சொல்லலாம். கனடாக்காரரின் நாலாவது படி.

ஊவாவுக்கு வருவோம். புகையிரதம் பதுளையை எட்டியது 1924இல்தான். அதற்கு மூன்று வருடம் முன்னர் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்படுத்தத் தொடங்கியிருந்தது. கேள்வித்தாள் ஓரிடம், படிப்பவன் ஓரிடம், திருத்துபவர் கடல் கடந்து ஓரிடம். நமது வெளிவாரிப் படிப்பின் தலையெழுத்து அங்கேயே எழுதப்பட்டுவிட்டது: விவாதம் இல்லாத கல்வி, கடந்தகால வினாத்தாளும் நோட்ஸும் மட்டும் உள்ள கல்வி. 1980இல் திறந்த பல்கலைக்கழகம் வந்து அச்சிட்ட பாடங்களையும் பிராந்திய நிலையங்களையும் கொண்டுவந்தது. பதுளையிலும் ஒன்று உண்டு. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் வந்தது, ஆனால் போதனை மொழி ஆங்கிலம். தமிழில் கலைப்பாடம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு, பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ போக வெட்டுப்புள்ளி இடந்தராவிட்டால், எஞ்சுவது வெளிவாரிதான்.

யார் இந்தப் பிள்ளைகள்? குருத்தலாவை, சில்மியாபுர, திவித்தொட்டவெல பக்கத்துக் கமக்காரர், சிறு வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள். உருளைக்கிழங்குக் காலத்தில் வகுப்புக்கு வரமாட்டார்கள், வரவும் முடியாது. தோட்டப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் ஒற்றை ஆசிரியர் தோட்டப் பாடசாலையில் படித்தவர்கள். அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இவர்களில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் தேயிலை மலை ஏறி லயத்துக்கு நடக்க வேண்டும். ஆகவே மாலையில் கூடிப் படிக்கும் பேச்சுக்கே இடமில்லை. கையிலுள்ள போன்தான் அவர்களுடைய பல்கலைக்கழக வளவு, விறாந்தை, நூலகப் படிக்கட்டு எல்லாம். அங்கே விவாதம் நடக்காவிட்டால் அவர்கள் வாழ்க்கையில் வேறெங்கும் நடக்கப்போவதில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோரும் இந்த வழிக்கு வந்து சேர்ந்தோம். பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் வலையமைப்பு 'சூம்' வசதியை ஏற்படுத்திக் கொடுத்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப். 2021இலும் ஊவா மலைக்கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஏறியவர்களுக்கு அந்தப் பாறையில் கிடைத்தது பெரும்பாலும் ஒரு நோட்ஸ் பக்கத்தின் போட்டோ. அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு உறுத்தியது சிக்னல் இல்லாமை மட்டுமல்ல.

பல்கலைக்கழகங்களில் இன்று பரவலாக உள்ள 'மூடுல்' மென்பொருளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2002இல் அதன் முதற்பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் ஒரு குக்கிராமத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் அவருக்குப் பள்ளிக்கூடம் வானொலியில்; பாடக் கொப்பிகள் விமானத்தில் வரும். தூரத்திலிருந்து படிப்பவனின் தனிமையை அனுபவித்த ஒருவர், மாணவர் ஒருவருக்கொருவர் எழுதிக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்த கருவி அது. நாம் அதை என்ன செய்கிறோம்? பீடிஎஃப் ஏற்றி வைக்கும் அலுமாரியாகப் பாவிக்கிறோம். விவாதப் பகுதி இருந்தாலும், இத்தனை பதிவு போட்டால் இத்தனை புள்ளி என்று எண்ணிக் கொடுக்கிறோம். எண்ணிக் கொடுத்தால் பிள்ளை எண்ணித்தான் எழுதும்.

போன வருடம் எங்கள் சிறு வகுப்பில் ஸாயில், முஅல்லில் என்று பாத்திரம் பிரித்துப் பார்த்தேன். எடுத்துக்கொண்ட கூற்று எங்கள் மண்ணோடு சேர்ந்தது: 'ஹாஜி மரிக்காரின் நியமனமே 1817 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்குக் காரணம்.' பின்னணி வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். கண்டி இராச்சியத்தில் தவளம் மாடுகளில் உப்பும் சரக்கும் ஏற்றிவந்த முஸ்லிம்கள் 'மடிகே' என்ற பிரிவுக்குள் இருந்தார்கள். ஆங்கிலேயர் ஹாஜி மரிக்காரை வெல்லஸ்ஸவின் மடிகே முகாந்திரமாக நியமித்தபோது, அங்கிருந்த திசாவையின் அதிகாரமும் வருமானமும் குறைந்தன. கிளர்ச்சி தொடங்கியதும் ஹாஜி மரிக்கார் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் அவருக்குச் சிரச்சேதம். அவர் பெயரில் வெலிமடைக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. மரக்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர்.

இது வெறும் பழங்கதை அல்ல. 'நீங்க அப்பவே வெள்ளைக்காரன் பக்கம்தானே' என்ற ஏச்சை எங்கள் பிள்ளைகள் இணையத்தில் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் திருப்பிக் கொடுப்பதும் ஏச்சுத்தான்.

முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் குரூப்பை விட்டே போனார்கள். ஒருவர் ஏதோ டியூட்டரியின் நோட்ஸைப் படம் பிடித்துப் போட்டார். இரண்டாம் வாரம் மன்உ வந்தது: நியமனத்துக்கும் கிளர்ச்சிக்கும் இடையில் யார் பாலம் போட்டது, எந்த மூலத்தில்? தேடினார்கள். ஆளுநர் பிரவுன்ரிக்கின் கடிதங்கள். இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூல். இன்னொரு இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் 1846இல் எழுதியது. எல்லாம் அடக்கியவர் பக்கத்து மூலங்கள். மார்ஷல் கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டையே எடின்பரோவுக்குக் கொண்டுபோனவர். அது 1954இல்தான் திரும்பி வந்தது. அதைப் படித்த பையன் ஒருவன், "இவர் செல்றத எப்பிடி சேர் நம்புறது?" என்று கேட்டான். "நம்பச் செல்லல்ல, எத நம்பலாம் எத நம்ப ஏலாதுண்டு பிரி" என்று பதில் போட்டது நானல்ல, இன்னொரு மாணவி.

நக்ழ் வந்தது தோட்டத்துப் பிள்ளையொன்றிடமிருந்து. ஒருவரை ஆங்கிலேயர் பதவியில் வைத்ததால் அவருடைய சமூகமே அவர்கள் பக்கம் என்றால், கிளர்ச்சிக் காலம் முழுதும் ஆங்கிலேயரோடு நின்ற மொல்லிகொடவை வைத்து என்ன சொல்வது? சிங்களவர் எல்லாரும் வெள்ளைக்காரன் பக்கம் என்று சொல்வோமா? கூற்றின் ஒரு கால் அங்கே முறிந்தது. மற்றக் கால் நின்றது: அந்த நியமனம் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பதை ஒருவராலும் தள்ள முடியவில்லை. முஆரழாவாக, பிரதானிகள் இழந்த சலுகைகள், அரசன் இல்லாத நாட்டில் நாயக்க அரச குடும்பத்தவன் என்று சொல்லிக்கொண்டு எழுந்த வில்பாவேயின் செல்வாக்கு என்று வேறு காரணங்கள் வந்தன. எங்கள் முஸ்லிம் பிள்ளைகளில் இருவர், நியமனத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்றே கடைசிவரை நின்றார்கள். மூலம் கேட்டபோது கொடுக்க முடியவில்லை. ஆனாலும் அவர்களுடைய மாற்றுக் கருத்தும் பெயரோடு பதிவில் ஏறியது.

முடிவை எழுதும்போது நவவீயின் சொற்களை விளங்கப்படுத்தினேன். நக்ழ் போட்ட அதே பிள்ளை, கோயிலுக்குப் போய்வரும் பிள்ளை, குரல்பதிவில் கேட்டது: "அப்ப சேர், நாம எழுதுறது அழ்ஹரா, மஷ்ஹூரா?" அதற்காக மட்டும் இன்னொரு வாரம் வாதாடினார்கள். எதிர்ப்பக்கமும் பலமானதுதான் என்று ஒத்துக்கொண்டு 'அழ்ஹர்' என்று போட்டார்கள்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது. பிரவுன்ரிக் பேசுகிறார், டேவி பேசுகிறார், மார்ஷல் பேசுகிறார். ஹாஜி மரிக்கார் தன் கைப்பட எழுதிய ஒரு வரியைக்கூட எங்களில் யாரும் பார்த்ததில்லை. பிபிலைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பழைய உறுதிகள், அறபுத் தமிழ்க் கையெழுத்துகள் இருக்கின்றனவா என்று தேட மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். லீவு கிடைத்ததும் பஸ் ஏறுவதாகச் சொல்கிறார்கள்.